மாணவர் எழுதிய நிரலை வைரஸ் என்று அழிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலிடெக்னிக் ஒன்றில் சி என்னும் நிரல் மொழியைக் கற்பிக்கும் நான், எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் காணும் ஒரு தொல்லையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். மாணவி ஒருவர் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினார். நிரலைக் கணினி இயக்கத்தக்க கோப்பாக மாற்றும் கம்பைலர் பிழை எதையும் காட்டவில்லை. ஆனால் இயக்கப் போனபோது அது உருவாக்கிய எக்ஸி கோப்பையே காணவில்லை. திரையின் மூலையில், ட்ரோஜன் என்னும் தீய நிரல் ஒன்று நீக்கப்பட்டதாக ஆன்ட்டிவைரஸின் அறிவிப்பு வந்திருந்தது. கல்லூரிக் கணினியைத் தாமே கெடுத்துவிட்டதாக எண்ணி அவர் கலங்கியதைக் கண்டு எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது.

அந்த நிரலில் எந்தக் குற்றமும் இல்லை. அறிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிடுவதுடன் நில்லாமல், ஒரு கோப்பு இதுவரை எத்தனை கணினிகளில் காணப்பட்டது, உருவாக்கியவர் யாரென உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் அதில் உள்ளதா என்பனவற்றையும் இன்றைய ஆன்ட்டிவைரஸ்கள் கணக்கில் கொள்கின்றன. மாணவர் சற்றுமுன் உருவாக்கிய கோப்புக்கு இவ்விரண்டும் இருக்க வழியில்லை. விண்டோஸ் கணினிகளில் இது அடிக்கடி நிகழ்வதென்றும், அநேகமாக எப்போதும் பொய் எச்சரிக்கையே என்றும் 'கோ' என்னும் நிரல் மொழியை உருவாக்கியவர்களே தங்கள் கேள்வி பதில் பகுதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கோப்பை ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்துக்கு அனுப்பித் திருத்தம் கோரலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வரியை மாற்றி மறுபடி கம்பைல் செய்தால் அது வேறொரு கோப்பாகிவிடுவதால், ஒரே வகுப்பில் இருபது முறை கம்பைல் செய்யும் மாணவருக்கு அந்த வழி பயன்படாது.

எனக்குப் பெருங்கவலை தருவது, இதற்குத் தீர்வாக ஆன்ட்டிவைரஸையே அணைத்துவிடும் பழக்கம். பென் டிரைவ்கள் கைமாறிக்கொண்டே இருக்கும் ஆய்வகத்தில் அது பேராபத்து. 2009இல் பரவிய 'இன்டக்' என்னும் வைரஸ், டெல்ஃபி என்னும் நிரல் மொழிக் கம்பைலரின் நூலகக் கோப்பு ஒன்றில் புகுந்து, அதன்பின் அந்தக் கம்பைலர் உருவாக்கிய ஒவ்வொரு நிரலிலும் தன்னைச் சேர்த்துக்கொண்டது. புதிதாகக் கம்பைல் செய்த நிரலைப் பற்றி வரும் எச்சரிக்கை சில வேளைகளில் மெய்யாகவும் இருக்கும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே ஆய்வகப் பொறுப்பாளர்கள், கம்பைல் செய்வதற்கென ஒரே ஒரு கோப்புறையை ஒதுக்கி, அதற்கு மட்டும் ஆன்ட்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்களித்து, மற்ற இடங்களில் பாதுகாப்பைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களும், தாம் அறியாத கோப்பை 'அறியாதது' என்றே குறிப்பிட்டு, அழிக்கும் முன் கேட்க வேண்டும். செய்முறைத் தேர்வு நேரத்தில் கோப்பு மறைந்துபோனால் மதிப்பெண் இழப்பவர் மாணவர் என்பதால், தேர்வுக்கு முன்பே இந்த விலக்கைச் செய்து தருமாறு கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணினித் துறை விரிவுரையாளர் ஒருவர்