இரண்டு சப்பாத்தி என்று சொன்னது பொய்

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ நடுவில் அழுவாய். உன் குரல் மாறியதும் நான் "ஒண்ணுமில்லம்மா, விடு" என்று பேச்சை மாற்றிவிடுவேன். மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

உனக்கு ராத்திரி ஒன்பது மணி ஆகும்போது எனக்குக் காலை ஆறரை. போனை எடுத்ததும் "நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்பாய். "ரெண்டு சப்பாத்தி, கூட்டு" என்பேன். அது பொய், பாப்பா. அப்பா போன இந்த இரண்டு வருஷத்தில் நான் ராத்திரிக்குச் சப்பாத்தி போட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருத்திக்காக மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுக்கக் கை வரவில்லை. மத்தியானச் சோறு மீந்திருந்தால் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிடுவேன். இல்லையென்றால் நாலு ரஸ்க்கும் ஒரு டம்ளர் பாலும். அப்பா இருந்தவரை எட்டு மணிக்கு அவருக்குத் தட்டு வைத்தாக வேண்டும், கூடவே நானும் உட்கார்ந்துவிடுவேன். பதினெட்டு வருஷமாக என் சுகர் ஒழுங்காக இருந்ததற்கு மாத்திரை மட்டும் காரணமில்லை, அவருடைய பசியும்தான் என்று இப்போது புரிகிறது.

போன வருஷம் 7.2 இருந்த மூன்று மாத சுகர் (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c) போன மாதம் 9.6. இதையும் உன்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பயப்படாமல் படி, இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். போன கிருத்திகை அன்று சுவாமிமலைக்குப் போயிருந்தேன். 9.6 என்று பார்த்த பயத்தில் அன்றைக்கு முழுப்பட்டினி. விரதத்துக்கு விரதமும் ஆச்சு, சுகரும் இறங்கும் என்று நினைத்தேன். ஆனால் பழக்க தோஷத்தில் காலையில் அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டுவிட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

சுவாமிமலையில் 60 படி, 60 வருஷம். சின்னதில் உன் கையைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் வருஷத்தின் பெயரைச் சொல்ல வைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? முதல் படி பிரபவ. நீ பிறந்த வருஷம். அன்றைக்கும் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பிரபவ, விபவ, சுக்ல... பத்தாம் படி தாது. அடுத்தது வாயில் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு வரவில்லை. கை நடுங்கியது, ரவிக்கை முழுக்க வேர்வை. யாரோ "ஏறுங்கம்மா" என்கிறார்கள். நான் எதற்கு வந்தேன், எந்த ஊரில் நிற்கிறேன் என்றே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

கீழே பூ விற்கிற அம்மா பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும், சுகர் இறங்கிருச்சு" என்று என்னை உட்கார வைத்து, டீக்கடையிலிருந்து சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் தலை தெளிந்தது. தெளிந்ததும் முதலில் வந்தது அந்தப் பெயர்தான்: ஈஸ்வர.

அடுத்த நாளே டாக்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை. "சுகர் ஏறினா வருஷக்கணக்குல கெடுக்கும்மா, இறங்கினா அரை மணியில ஆளைச் சாய்ச்சிடும்" என்றார். என் வயசுக்கு மூன்று மாத சுகர் ஏழரைக்குப் பக்கத்தில் இருந்தால் போதுமாம். அதற்கும் கீழே இழுக்கிறேன் என்று பட்டினி கிடந்து, லோ ஆகிக் கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளக் கூடாது என்றார். விரலில் குத்திப் பார்க்கிற சுகர் மிஷினில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. வயசானவர்களுக்குச் சில சமயம் நடுக்கமோ வேர்வையோ இல்லாமல் வெறும் குழப்பம் மட்டுமே வருமாம். ஆகவே போனில் நான் ஏதாவது தப்பும் தவறுமாகப் பேசினால், நீ உடனே எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிடு. என் கைப்பையில் இப்போது எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். ராத்திரி ஒரு வேளை இன்சுலின் ஆரம்பித்தாயிற்று. 8 யூனிட். இன்றைக்குப் பதினோராவது நாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் உனக்கு அம்மாச்சி ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. 1994-ல் அம்மாச்சிக்குக் கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண். வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வலிக்காதது நல்லது என்று நாங்களும் இருந்துவிட்டோம். சுகரில் நரம்பு மரத்துப்போய் வலிக்காததுதான் வியாதி என்று சொல்ல அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் ஊசி போடச் சொன்னார். "ஊசி வந்தா அது கடைசிக் கட்டம், நான் போட்டுக்க மாட்டேன்" என்று பிடிவாதம். முதலில் விரல் போனது, அப்புறம் பாதம், அடுத்த தையில் அம்மாச்சியும் போனார்கள். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஊசியைக் கடைசிக்குத் தள்ளியதால்தான் அது கடைசியில் வந்தது.

இப்போது தினமும் ராத்திரி முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். வீட்டுக்குள்ளும் செருப்பு. போன சித்திரையில் உச்சி வெயிலில் கோவில் பிராகாரம் சுற்றிவிட்டு வந்தபோது குதிகாலில் கொப்புளம், சுட்டதே எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் கோவிலுக்குள் போகிறேன்.

உன் பிரசவத்துக்கு 2019-ல் நான் டொராண்டோ வந்தபோது, பல்கலைக்கழகப் பக்கம் பஸ்ஸில் போகையில் "இங்கதாம்மா இன்சுலின் கண்டுபிடிச்சாங்க" என்று காட்டினாய். சும்மா தலையாட்டினேன். எனக்கு எதற்கு அது என்று இருந்தது. இப்போது தேடிப் படித்தேன். 1921 கோடையில் பாண்டிங்கும் பெஸ்டும் அங்கே வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். 1922 ஜனவரியில் சுகரால் சாகக் கிடந்த லெனார்டு தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி. அதற்கு முன்னால் அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? பட்டினி. எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள் கூட இருக்கட்டுமே என்று பெற்றவர்களே சோற்றை மறைத்து வைப்பார்களாம். அதைப் படித்தபோது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அந்தத் தாய்மார்களுக்குக் கிடைக்காதது எனக்கு மருந்துக்கடையில் கிடைக்கிறது. இதைக் கடைசிக் கட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஊசி வலி ஒன்றும் பெரிதில்லை, கொசு கடித்தது போலத்தான். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தினம் இடம் மாற்றிப் போடுகிறேன். மருந்தை பிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன். ப்ரீசரில் வைத்தால் உறைந்து வீணாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். கரண்ட் போனால் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு சின்னச் சட்டியை வைத்து மருந்தை அதில் வைப்பது, அது அத்தை சொன்ன யோசனை.

இனி சாப்பாடு. உன் பழைய லாங் சைஸ் நோட்டு ஒன்றில் பாதி காலியாக இருந்தது. அதில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். என்ன சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்து மிஷினில் சுகர் எவ்வளவு. யார் சொன்ன பத்தியத்தையும் நம்பாமல் நானே பார்ப்பது என்று முடிவு. மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும்: 238. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், கொஞ்சம் சுண்டல்: 172. சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிற கேழ்வரகுக் கஞ்சி: 251! குடித்த அரை மணியில் பசி வேறு. அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி ஒன்றே ஒன்று சாப்பிட்டால் 180-க்குள் நிற்கிறது. கரைத்துக் குடிப்பது சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடுகிறது, மென்று தின்பது மெதுவாக ஏறுகிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே மிஷினுக்குச் சர்க்கரைதான். பாகற்காய் எனக்குப் பிடிக்கும், சாப்பிடுகிறேன். ஆனால் கசப்பைத் தின்றால் இனிப்புக்கு ஈடாகிவிடும் என்பது இல்லை.

சோற்றை விடவில்லை, பாப்பா. விடவும் மாட்டேன். காவிரித் தண்ணீரில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவள் நான், அதை விட்டுவிட்டு இருப்பது எனக்கு இருப்பாகவே தோன்றாது. வரிசையை மட்டும் மாற்றினேன். முதலில் ஒரு கிண்ணம் அவரைக்காயோ வாழைப்பூவோ கீரையோ வெறுமனே சாப்பிடுகிறேன். அப்புறம் ஒரு கிண்ணம் சோறு, வத்தக்குழம்பு, மோர். கை கழுவிவிட்டு மாடியில் பத்து நிமிஷம் நடை. அதே சோறுதான், முன்னைவிட நாற்பது ஐம்பது குறைகிறது. ராத்திரிக்கு அத்தையும் நானும் சேர்ந்து சமைக்கிறோம். ஒரு நாள் அவர்கள் வீடு, ஒரு நாள் நம் வீடு. அவர்களுக்கும் பேச ஆள் இல்லை. எட்டு மணிக்கு மறுபடி தட்டு வைக்கிறேன்.

நீ அனுப்பிய ஓட்ஸும் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டும் அப்படியே இருக்கின்றன. பிஸ்கட் மைதாவில் செய்தது, சர்க்கரை இல்லையென்றாலும் மைதா மைதாதான். உன் மனசு தெரியும், ஆனால் இனி அனுப்பாதே.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. நீங்கள் தீபாவளிக்கு வந்தபோது குட்டி ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் நின்று அதிரசம் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "அம்மாச்சி பாத்தா அவங்களுக்கும் ஆசை வரும், அம்மா சொல்லிச்சு" என்றாள். உனக்கு என்மேல் உள்ள அக்கறை எனக்குத் தெரியாததா? ஆனால் என் வீட்டில் என் பேத்தி ஒளிந்து தின்கிற நிலைமை வர வேண்டாம். அந்த அதிரசத்துக்குப் பாகு வைத்தவளே நான்தான். அதன் பதத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆசை. அதில் ஒரு ஓரத்தைப் பிய்த்து நானும் வாயில் போட்டுக்கொள்வேன், அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைப்பேன், நோட்டில் எழுதுவேன்.

கடைசியாக உன் விஷயம். குட்டி வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தில் உனக்குச் சுகர் வந்தது. பிரசவம் ஆனதும் சரியாகிவிட்டது என்று சொன்னாய். அதற்கப்புறம் பார்த்தாயா? போன வாரம் கேட்டேன், "டைம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். நான் சப்பாத்தி என்று சொல்கிற அதே குரல் அது. கர்ப்பத்தில் வந்தவர்களுக்குப் பிற்பாடு வருகிற வாய்ப்பு ரொம்பவே அதிகம், வருஷா வருஷம் பார்த்துக்கொள்வதுதான் நல்லது. அம்மாச்சி, நான் என்று மேலே இரண்டு தலைமுறை வேறு இருக்கிறது. எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. வீடு தேடி வந்து பார்க்கிற அரசாங்கத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் வந்த பெண் திண்ணையில் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்தபோதுதான் 290 என்று தெரிந்தது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் என்று 2023-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குச் சொன்னது. உனக்கு 38 வயசு. மூன்று மாத சுகர் 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 5.7 முதல் 6.4 வரை என்றால், நடையிலும் சாப்பாட்டிலும் தள்ளிப்போட வழி இருக்கிறது. எனக்கு அந்தக் கட்டத்தில் யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்கிறேன்.

நாளைக்குக் காலையில் நீ கூப்பிடும்போது என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதே. நோட்டை எடுத்துப் படிக்கச் சொல்லு, உள்ளதை உள்ளபடி படிக்கிறேன். 238 என்று இருந்தால் 238 என்றே சொல்வேன், நீ அழக் கூடாது. அப்புறம் உன் ரத்தப் பரிசோதனைக்கு எந்தத் தேதி வாங்கியிருக்கிறாய் என்று நான் கேட்பேன்.

மணி ஒன்பதாகப் போகிறது. அத்தை வீட்டில் இன்றைக்குப் பொன்னாங்கண்ணிக் கூட்டு, எட்டு மணிக்கே சாப்பிட்டாயிற்று. ஊசி போட வேண்டும். குட்டிக்கு முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அம்மா