செப்டம்பர் ஆர்க்கிட் காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அன்பர்களுக்கு வணக்கம்.

ஆர்க்கிட் பரிசுகளில் ஒரு வழக்கம் உண்டு. பூவுக்குக் கிடைக்கும் பரிசு செடியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வளர்ப்புக்கான பரிசு வளர்த்தவர் கைக்குப் போகும். தொட்டி சுமந்தவருக்கும் மேசை துடைத்தவருக்கும் ரிப்பன் கிடையாது. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

சிறுத்தை ஆர்க்கிட்டைப் பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிவந்த அண்ணன்மாருக்கு முதல் நன்றி. அன்செல்லியா ஆஃப்ரிக்கானா என்ற அந்தச் செடியின் வேர்களில் பாதி ஊசிக்கூட்டம்போல மேல்நோக்கி நிற்கும். மரத்தில் வளரும்போது சருகுகளைப் பிடித்து உரமாக்கிக்கொள்ள அந்த ஏற்பாடு. அதில் கைவைத்துத் தூக்கினால் பொடிப்பொடியாக உடையும். நீங்கள் தொட்டிக்கு அடியில் சாக்கு கொடுத்துத் தூக்கினீர்கள். பூத்தண்டுகளை மூங்கில் குச்சியில் தளர்வாகக் கட்டி, மேலே நிழல்வலையும் போர்த்தினீர்கள். இல்லாவிட்டால் திறந்த பக்கியில் அடிக்கிற காற்றுக்கு இதழ் வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருந்ததுபோல வந்து சேராது. நாற்றுப் பண்ணையில் வாங்கிய ரசீதையும் அனுமதிச் சீட்டையும் மறக்காமல் கொண்டுவந்ததற்குத் தனி நன்றி. நாட்டு மருந்துக்காகக் காட்டில் வெட்டப்பட்டுக் குறைந்துவரும் செடி இது. எங்கள் க்வாசூலு நட்டால் மாகாணத்தில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உள்ளது. காகிதம் இல்லாத காட்டுச் செடி எவ்வளவு அழகானாலும் எங்கள் மேசையில் ஏறாது.

சிம்பிடியம் வகை ஆர்க்கிட்டுகள் முழுக்கப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து அன்பர்களுடையவை. கடற்கரையில் இருப்பவர்கள் பொறாமைப்பட்டுப் பயனில்லை. இலையுதிர் காலத்தில் இரவு வெப்பம் 12, 13 டிகிரிக்கு இறங்கினால்தான் அது நன்றாகப் பூத்தண்டு விடும். டர்பன் இரவுகளில் அந்தக் குளிர் தாமதமாகவும் குறைவாகவும் வரும். தண்டு தலைகாட்டிய பிறகு நீங்கள் தொட்டியைத் திருப்பவே இல்லை என்பது பூவைப் பார்த்தாலே தெரிந்தது. திருப்பியிருந்தால் மொட்டுகள் வெளிச்சத்தைத் தேடி ஆளுக்கொரு பக்கம் முகம் காட்டியிருக்கும். பூக்களுக்கு இடையே பஞ்சு வைத்தது இன்னும் நல்ல யோசனை. உரசலில் மகரந்த மூடி கழன்றால் பூவின் உதடு (கீழிதழ்) சிவந்து, சில நாட்களில் பூ தளர்ந்துவிடும். மகரந்தம் கலையாமல் ஜன்னலில் வலை கட்டித் தேனீயைத் தடுத்த தம்பிகளும் அதே வேலையைத்தான் செய்தார்கள்.

கோயில் மண்டபத்தைத் தந்த நிர்வாகத்தாருக்கு நன்றி. வரவேற்பு மேசையிலிருந்த வாழைப்பழச் சீப்பைக் கவனித்து அடுப்படிக்கு மாற்றிய அக்கா மட்டும் இல்லையென்றால் ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் வரிசையின் கதி என்னவாகியிருக்குமோ! பழுத்த வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். மங்கலப் பொருள்தான், ஆனால் ஆர்க்கிட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இலை துடைத்தவர்கள் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் உப்புக்கறையை எடுத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்தார்கள். கடையில் விற்கும் இலை மினுக்கித் திரவத்தை யாரும் தொடவில்லை. அந்த எண்ணெய் இலைத் துளைகளை அடைக்கும், நடுவர்களுக்கும் அந்தப் பளபளப்பு பிடிக்காது. ஃபெலனாப்சிஸின் இலைக்குருத்தில் தேங்கிய தண்ணீரைக் காகிதத்தால் ஒற்றி எடுத்ததும் அவர்கள்தான். இரவு அப்படியே விட்டால் குருத்து அழுகும்.

ஒரு பெட்டி சவர பிளேடு வாங்கித் தந்தவர் பெயர் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை. செடிக்கு ஒரு பிளேடு, வெட்டியதும் குப்பைக்கு. ஒரே கத்தரியால் அடுத்தடுத்து வெட்டினால் சிம்பிடியம் மொசைக் வைரஸ் சாற்றோடு பரவும், அதற்கு மருந்து கிடையாது.

பெயர்ச்சீட்டு எழுதிய பிள்ளைகளே, உங்கள் வேலை சின்னதல்ல. கலப்பினப் பெயர்கள் லண்டன் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் பதிவேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பரிசு வேறு செடியின் கணக்கில் போய்விடும். நடுவர் அளவுகோலை வைத்துப் பூவின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்லச் சொல்ல, பூவையும் மொட்டையும் தனித்தனியாக எண்ணி எழுதினீர்கள். ஒரு தாளைக்கூடத் திருப்பி எழுத வேண்டிவரவில்லை.

டீயும் சமோசாவும் தந்த ஆயாமாருக்கும் நன்றி. சட்னி போதவில்லை, அது எங்கள் கணக்குத் தவறு.

செடியை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் 2 வாரம் மற்றச் செடிகளோடு சேர்க்காதீர்கள். இலையடி உறைகளைப் பிரித்து மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, 7 நாள் கழித்து மறுபடியும் துடையுங்கள். முட்டைகள் முதல் தடவையில் தப்பிவிடும்.

மண்டபத்தில் இரண்டு மண் தொட்டித் தட்டுகளும், ஒரு மூங்கில் குச்சிக் கட்டும், நீலக் கைப்பிடி வைத்த தண்ணீர்த் தெளிப்பானும் கிடக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தார்