தவறு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கா? – என்சிஏஏவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பின் தலைவர் திரு. சார்லி பேக்கர் அவர்களுக்கும், விதிமீறல் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 மார்ச்சில் உங்கள் கூடைப்பந்துத் தொடரில் மெக்நீஸ் பல்கலைக்கழக அணி கிளெம்சன் அணியை வீழ்த்திய கொண்டாட்டம் அடங்குவதற்குள், அதன் பயிற்சியாளர் வில் வேட் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார் என்ற செய்தி வந்துவிட்டது. அவரைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீரரைச் சேர்ப்பதற்காக அவர் பேரம் பேசியதாகச் சொல்லப்பட்ட தொலைபேசி உரையாடல் எஃப்பிஐயின் ஒட்டுக்கேட்பில் சிக்கியது உங்கள் கோப்பில் இருக்கிறது. 2022 மார்ச்சில், அப்போது அவர் வேலை பார்த்த எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அவரை நீக்கியது. ஓராண்டில் மெக்நீஸ் எடுத்துக்கொண்டது. 2023 ஜூனில் 10 ஆட்டங்களுக்குத் தடையும் இரண்டாண்டு ‘ஷோ காஸ்’ ஆணையும் (அவரை எடுக்கும் கல்லூரி உங்களிடம் காரணம் காட்ட வேண்டிய ஆணை) வந்தன. அந்த இரண்டாண்டு முடிவதற்கு முன்பே அவருக்கு அதைவிடப் பெரிய வேலை கிடைத்துவிட்டது.

அவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போட எனக்கு விருப்பமில்லை. தண்டனையை அனுபவித்தார், வேலை கிடைத்தது, போனார். ஆனால் அதே எஃப்பிஐ விசாரணையில் சிக்கிய உதவிப் பயிற்சியாளர்கள் மூவருக்கு நீங்கள் தந்த ஆணை இரண்டாண்டு அல்ல, பத்தாண்டு. நான் கேட்பது ஒன்றுதான்: தவறு செய்தவர் யாரோ, தண்டனை அவரோடு மட்டும் போகட்டும். அவர் தலைமைப் பயிற்சியாளரானாலும் உதவிப் பயிற்சியாளரானாலும் அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்.

2017 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர்கள் அந்த லஞ்ச விசாரணையில் அறிவித்த கைதுகளில் நான்கு பயிற்சியாளர்கள் இருந்தார்கள். ஆபர்னின் சக் பெர்சன், ஓக்லஹோமா ஸ்டேட்டின் லமாண்ட் எவான்ஸ், அரிசோனாவின் புக் ரிச்சர்ட்சன், யுஎஸ்சியின் (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்) டோனி பிளாண்ட். நால்வரும் உதவிப் பயிற்சியாளர்கள். ஒரு தலைமைப் பயிற்சியாளர் மீதும் குற்ற வழக்கு வரவில்லை. ரிச்சர்ட்சன் வாங்கியது 20,000 டாலர். லஞ்சம் லஞ்சம்தான், அவர் வேலை போனது சரி என்றே நானும் சொல்வேன். மூன்று மாதம் சிறையும் இருந்து வந்தார். பிறகு 2022 டிசம்பரில் அரிசோனா வழக்கில் தீர்ப்பு வந்தது. ரிச்சர்ட்சனுக்குப் பத்தாண்டு ‘ஷோ காஸ்’. அவருக்கு மேலே இருந்த தலைமைப் பயிற்சியாளர் ஷான் மில்லருக்கு ஒன்றுமில்லை. விதிகளைக் கடைப்பிடிக்கும்படி மில்லர் தன் ஆட்களை வலியுறுத்தியிருந்தார் என்று தீர்ப்பளித்த குழுவினர் கருதினார்கள். அப்படியே இருக்கட்டும். தீர்ப்பு வந்த நேரத்தில் அவர் சேவியர் பல்கலைக்கழகத்தில் அணியை நடத்திக்கொண்டிருந்தார்.

பத்தாண்டு ‘ஷோ காஸ்’ என்றால் அது என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த ஆணை உள்ளவரை எடுக்க நினைக்கும் கல்லூரி உங்கள் முன் வந்து காரணம் காட்ட வேண்டும், உங்கள் கட்டுப்பாடுகளுக்குப் பணிய வேண்டும். போட்டிகளில் வெற்றி தேடித்தரும் பெரிய பெயருக்காக அந்தத் தலைவலியைச் சுமக்கக் கல்லூரிகள் வரிசையில் நிற்கும். உதவிப் பயிற்சியாளருக்காக யார் நிற்பார்கள்? தாளில் ஒரே ஆணைதான். ஒருவருக்கு அது சில ஆட்டங்களின் ஓய்வு, இன்னொருவருக்கு வாழ்நாள் தொழிலின் முடிவு.

இதையெல்லாம்கூட வளர்ந்தவர்களின் கணக்கு என்று விட்டுவிடலாம். ஓக்லஹோமா ஸ்டேட் பிள்ளைகளுக்குச் செய்ததைத்தான் என்னால் விட முடியவில்லை.

எவான்ஸ் கைதான அதே வாரத்தில் அந்தப் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. அவர் லஞ்சம் வாங்கியது வீரர்களைச் சேர்ப்பதற்காக அல்ல. சேர்ந்திருந்த வீரர்களைக் குறிப்பிட்ட நிதி ஆலோசகர்களிடம் தள்ளிவிடுவதற்காக. அதனால் அணிக்கு ஒரு புள்ளிகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. வழக்கில் சம்பந்தப்பட்ட வீரர் ஒருவர் பெற்ற தொகை 300 டாலர். அவரும் சில ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்து அதற்கான விலையைக் கொடுத்தார். அத்தோடு கணக்கு தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீங்கள் 2020 ஜூனில் எவான்ஸுக்குப் பத்தாண்டு ஆணையும், அணிக்கு ஓராண்டு மார்ச் மாதத் தொடர்களில் ஆடத் தடையும் விதித்தீர்கள். மேல்முறையீட்டை 2021 நவம்பரில், புதிய பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, தள்ளுபடி செய்தீர்கள்.

அந்தப் பருவத்தில் ஓக்லஹோமா ஸ்டேட் சட்டையைப் போட்டவர்களில் நான்காண்டு அங்கேயே ஆடிய மூத்த வீரர்கூட 2018இல் வந்தவர்தான். எவான்ஸை அவர்கள் அந்த வளாகத்தில் கண்டதே இல்லை. மார்ச் மாதத் தொடர்களில் ஆடப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பயிற்சிக்குப் போனார்கள். மார்ச் முதல் வாரத்தில் தங்கள் காலகர்-ஐபா அரங்கில் வலுவான டெக்சாஸ் டெக் அணியை ஒரே புள்ளியில் வென்றார்கள். வென்றதும் பருவம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கான்சஸ் சிட்டியில் நடந்த, அவர்களுடைய பிக் 12 கூட்டமைப்பின் தொடரில் பத்து அணிகளில் ஒன்பதுதான் ஆடின. தோற்று வெளியேறுவது விளையாட்டில் சகஜம். வென்ற கையோடு சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வதற்கு என்ன பெயர் வைப்பது? கடைசி ஆண்டு மாணவருக்கு அந்த மார்ச் மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தவறில் பங்கில்லாத மாணவர்களையும் அணிகளையும் இயன்றவரை தண்டிக்கக் கூடாது என்று உங்கள் புதிய அமைப்புச் சட்டத்தில் எழுதி, 2022 ஜனவரியில் நீங்களே வாக்களித்து நிறைவேற்றினீர்கள். அது நடைமுறைக்கு வந்தது ஆகஸ்டில். இடையில் விழுந்த மார்ச்சில்தான் இந்தப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதே பிக் 12 கூட்டமைப்பில், அதே எஃப்பிஐ விசாரணையிலிருந்து கிளைத்த வழக்கில், கான்சஸ் மீது 2019 முதல் மிகக் கடுமையான வகைக் குற்றச்சாட்டுகள் நிலுவையில் இருந்தன. அந்த அணி 2022 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் நார்த் கரோலினாவை 72–69 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அதற்கு ஓராண்டு முன்பே பயிற்சியாளர் பில் செல்ஃபுக்குப் பல்கலைக்கழகம் வாழ்நாள் ஒப்பந்தம் தந்திருந்தது. நிலுவையிலிருந்த அந்த விவகாரத்தைக் காரணம் காட்டி அவரை நீக்க மாட்டோம் என்ற உறுதிமொழியும் அதில் உண்டு. 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தபோது குற்றச்சாட்டுகளின் கடுமை குறைக்கப்பட்டது, 2017–18 பருவத்தின் 15 வெற்றிகள் அழிக்கப்பட்டன, பயிற்சியாளர் ஏற்கெனவே தானாக வெளியே உட்கார்ந்த நான்கு ஆட்டங்களே போதும் என்றானது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நீங்கள் தெய்வத்தைவிட ஒரு படி மேல்: ஆறு ஆண்டு நின்றீர்கள், கொல்லவே இல்லை. (இந்த மடல் தமிழில் இருப்பதால் படிக்கத் தாமதமாகும் என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் வழக்குகள் நடக்கும் காலத்தில் ஒரு நூலகத்தையே மொழிபெயர்த்துவிடலாம்.)

கான்சஸ், அரிசோனா தீர்ப்புகள் எங்கள் குழுவுடையவை அல்ல, சுதந்திரமான தனிக் குழுவுடையவை என்று சொல்வீர்கள். அந்தக் குழுவை அமைத்ததும் நீங்கள், சரிவரவில்லை என்று கலைத்ததும் நீங்கள்.

ஆளுக்கொரு நீதி என்ற புகார் உங்களுக்குப் புதிதும் அல்ல. பெரிய பெயரான கென்டக்கி மீது கோபம் வந்தால் என்சிஏஏ சின்ன அணியான கிளீவ்லேண்ட் ஸ்டேட்டைப் பிடித்துத் தண்டிக்கும் என்று பயிற்சியாளர் ஜெர்ரி டார்கேனியன் கேலி செய்தது பல பத்தாண்டுகளுக்கு முன்பு. அவரோடு உச்ச நீதிமன்றம் வரை போய் 1988இல் வென்றீர்கள். பத்தாண்டு கழித்து 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசமும் செய்துகொண்டீர்கள்.

பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அணியில் சேர்க்க விரும்பிய வீரர்களோடு அனுமதி மீறித் தொலைபேசியில் பேசினார் என்று 2008இல் இந்தியானாவை விட்டுப் போக நேர்ந்தது. போகும்போது 7,50,000 டாலர் கையில் கிடைத்தது. பின்னர் ஐந்தாண்டு ஆணை. அது முடிவதற்குள், 2012இல், பேச்சுக்கான வரம்பையே நீங்கள் நீக்கிவிட்டீர்கள். 2025 ஏப்ரலில் அவர் ஹூஸ்டனை இறுதி ஆட்டத்துக்கு அழைத்து வந்தார். தொலைபேசிக்காக ஒருவர் வேலையை இழந்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பணத்துக்கும் பொய்க்கும் இழக்கலாம். ஆனால் இன்று பணத்தின் நிலை என்ன? 2025 ஜூலை முதல் ஒரு பல்கலைக்கழகம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பங்கிடலாம், முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, என்று ஆகிவிட்டது. அன்று மேசைக்கு அடியில் கொடுத்ததை இன்று ரசீது போட்டுக் கொடுக்கிறார்கள். அடியில் கொடுத்த காலத்தின் பழைய கணக்கில் இன்னும் தண்டனை அனுபவிப்பவர்கள் உதவிப் பயிற்சியாளர்கள் மட்டும்தான்.

கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

எவான்ஸ் மீதான ஆணை 2030 வரையும், ரிச்சர்ட்சன் மீதானது 2032 வரையும் ஓடுகிறது. இரண்டையும் மறுபரிசீலனைக்கு எடுத்து, அதே விசாரணையில் சிக்கிய தலைமைப் பயிற்சியாளர்களுக்குக் கிடைத்த அளவோடு ஒப்பிட்டுக் குறையுங்கள். 2023 ஜனவரி முதல் தன் உதவியாளர் செய்யும் தவறுக்குத் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பு என்று விதியை மாற்றியிருக்கிறீர்கள். ‘எனக்குத் தெரியாது’ என்பது இனி விடையாகாது என்று சொன்னீர்கள். அடுத்த பெரிய பெயர் உங்கள் மேசைக்கு வரும்போது அந்த விதியை மறந்துவிடாதீர்கள். தடை விதித்தால் அதைப் பயிற்சியாளரின் மார்ச் மாதத்துக்கு விதியுங்கள்: அவர் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்கட்டும், அவருடைய சம்பளம் பிடிக்கப்படட்டும், அவர் கல்லூரி மாறினாலும் அந்தத் தடை கூடவே போகட்டும். அணி ஆடட்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் உங்கள் தொடருக்காகத் தூக்கம் கெடும் ரசிகன்