'நீட் இல்லாத படிப்பு' என்று மட்டும் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததையொட்டி நீங்கள் வெளியிட்ட 'அடுத்து என்ன படிக்கலாம்' பக்கத்தில் பி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டப்படிப்புக்கு மூன்றே வரி ஒதுக்கியிருந்தீர்கள். நீட் தேவையில்லை, நான்கு ஆண்டுப் படிப்பு, முடித்ததும் சொந்தமாக மெடிக்கல் வைக்கலாம். மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் மெடிக்கல் வைப்பதற்கு இரண்டு வருட டிப்ளமோவான டி.பார்ம் போதுமே, அப்புறம் எதற்கு நான்கு வருடம் என்று ஒரு பிள்ளை கேட்டால் உங்கள் பக்கத்தில் பதில் இல்லை. நான் அந்த நான்கு வருடத்தைப் படித்து முடித்தவள். இப்போது ஒரு மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அந்தப் பதிலை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் நீட் வந்த 2017-இல் பிளஸ் டூ முடித்த செட் நாங்கள். டாக்டராகும் ஆசையில் நீட் எழுதிக் கோட்டைவிட்டு, 'இதுவும் மருத்துவம் மாதிரிதானே' என்று யாரோ சொல்ல, சேர்ந்துவிட்டேன். முதல் செமஸ்டரிலேயே மயக்கம் தெளிந்தது. பயாலஜி குரூப்பிலிருந்து வந்தவர்களுக்குக் கணக்கும், கணக்கு குரூப்பிலிருந்து வந்தவர்களுக்கு உயிரியலும் அடிப்படையிலிருந்து ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள். கணக்குக்குப் பயந்து பயாலஜி எடுத்தவள் நான். மடக்கை, வகையீடு, தொகையீடு எல்லாம் போய், கடைசி அலகில் லாப்லாஸ் உருமாற்றம் வந்து நின்றது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவள் வேறு. அழாத குறை. அந்தக் கணக்கு எதற்கு என்று ஆறாவது செமஸ்டரில்தான் புரிந்தது. விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் பாதியாகக் குறைகிறது என்பதெல்லாம் அதே கணக்குதான். ஒரு மருந்தை மூன்று வேளையும் இன்னொன்றை ஒரே வேளையும் கொடுப்பதற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது.

மற்றபடி இந்தப் படிப்பில் பெரும்பகுதி வேதியியல். நோயாளியின் முகத்தைவிட பியூரெட் என்ற அளவுக் குழாயைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். மருந்தைச் செய்வது, சோதிப்பது, அது உடம்புக்குள் என்ன செய்கிறது, எப்போது கெட்டுப்போகிறது, சட்டம் அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது, இவ்வளவும் உண்டு. எனக்குப் பிடித்தது ஐந்தாவது செமஸ்டரில் நாங்களே மாத்திரை போட்ட நாள். பொடியை ஈரப்படுத்தி, சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கி, உலர்த்தி, எந்திரத்தில் அழுத்தினோம். முதல் கை மாத்திரைகள் எல்லாம் தலை கழன்று விழுந்தன, இட்லித் தட்டில் ஒட்டிக்கொண்டு பாதியாக வருகிற இட்லி மாதிரி. குருணை அதிகமாகக் காய்ந்துவிட்டது என்றார் ஆசிரியர். திரும்பச் செய்து, தேறியவற்றை ஒரு வட்டப் பெட்டிக்குள் போட்டு நூறு சுற்று சுழற்றினோம். உதிர்ந்த தூள் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அப்புறம் ஆறு கண்ணாடிக் குழாயில் ஆறு மாத்திரை போட்டு 37 டிகிரித் தண்ணீரில் ஏற்றி இறக்கினோம். பூச்சு இல்லாத மாத்திரை பதினைந்து நிமிடத்துக்குள் கரைந்து உதிர வேண்டும். எங்களுடையது பதினோரு நிமிடத்தில் உதிர்ந்தது. கைதட்டிவிட்டோம். அன்றிலிருந்து ஐந்து ரூபாய் மாத்திரையை அலட்சியமாகப் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூலிகை மருந்துப் பாடத்தில் ஓர் இலையின் ஆங்கிலப் பெயர் 'டின்னவெல்லி சென்னா' என்று வந்தது. திருநெல்வேலியைத்தான் வெள்ளைக்காரன் அப்படி எழுதியிருக்கிறான். எங்கள் பக்கம் அவுரி என்று மானாவாரியில் போடுகிறார்களே, அதே நிலாவரைதான். உலகம் முழுக்க மலச்சிக்கல் மருந்துக்குப் போகிறது. அதன் சாற்றில் அம்மோனியா விட்டதும் ரோஜா நிறம் வந்தபோது வகுப்பில் நான் மட்டும் ஊருக்கே சொந்தக்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக்கடையைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னைக் கடிதம் எழுத வைத்தது.

நான் படித்து முடித்து, மருந்தாளுநராகப் பெயரைப் பதிவு செய்த கையோடு ஓர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கடை வைக்கப் போகிறாராம். "பிள்ளைய கடைக்கு வரச் சொல்லவே வேண்டாம் அண்ணே. சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க, சுவர்ல மாட்டிக்கிடுதேன். மாசம் பொறந்தா பணம் வீட்டுக்கு வந்திரும்" என்றார் அப்பாவிடம். அப்பாவுக்கு ஆசைதான். பெட்டிக்குள் சும்மா கிடக்கிற காகிதம்தானே என்றார். கல்விக் கடன் பாக்கி இருந்த வீட்டில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் மாட்டேன் என்றதற்கு ஒரு காரணம் இருந்தது.

கொரோனா ஊரடங்கில் காலேஜ் மூடி வீட்டில் இருந்தேன். அத்தைக்கு முடக்குவாதம், கைவிரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கும். மெத்தோட்ரெக்சேட் என்றொரு மாத்திரை எழுதியிருந்தார்கள். முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். சீட்டில் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருந்தார். கடையில் இருந்த பையன் கவர்மேல் 1-0-0 என்று பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டான். அத்தை ஒழுங்காகத் தினமும் காலையில் சாப்பிட்டிருக்கிறாள். வாய்க்குள் கொப்புளமாகப் புண், கஞ்சி இறங்கவில்லை. சூட்டுப்புண் என்று மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தற்செயலாக மாத்திரை அட்டையைப் பார்த்தேன், ஆறு குழி காலி. முந்தின செமஸ்டரில் படித்த பாடம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து ஆளைத் தேற்றினார்கள். அந்தக் கடைச் சுவரிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. அதற்குரியவர் வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக்கூடாது. 2015-இல் வந்த விதிமுறைகளில், வெள்ளை மேலங்கி போட்டு, பெயரும் பதிவு எண்ணும் தெரிய நிற்க வேண்டும், எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒருவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சான்றிதழை வாடகைக்கு விட்டவர்களைத் திட்டுவது சுலபம். அந்த வாடகையும், நாள் முழுக்கக் கடையில் நின்றால் கிடைக்கிற சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது எத்தனை பேர் நிற்பார்கள்? என் முதல் மாதச் சம்பளத்தை எழுதினால் நீங்கள் அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவீர்கள்.

தொழிற்சாலைப் பக்கமும் இதே கதைதான், அங்கே அளவு பெரிது. சிரப்பில் மருந்தைக் கரைக்க வாங்கும் புரோப்பிலீன் கிளைகால் என்ற திரவத்தை அப்படியே கலந்துவிட முடியாது. டைஎதிலீன் கிளைகால் என்ற விஷம் அதில் கலந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். 0.1 சதவீதம்தான் எல்லை. பேரல் வந்ததும் மாதிரி எடுத்து எந்திரத்தில் ஏற்றி, அது கோடு வரைந்து முடிக்கும்வரை காத்திருப்போம். விஷம் இருந்தால் அந்தக் கோட்டில் ஒரு முகடு எழும்பும். முகடே எழும்பாத கோட்டுக்காகக் காத்திருக்கும் வேலை. 1937-இல் அமெரிக்காவில் இந்த விஷம் கலந்த மருந்தால் நூறு பேருக்கு மேல் செத்ததைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். 1972-இல் சென்னையிலும் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். எல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தேன். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அது 48.6 சதவீதம் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பக்கத்தைப் போடும்போது இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) வேலைக்கு டி.பார்ம் போதாது, பட்டம் வேண்டும் என்று ஒரு வரி. கல்லூரிக்கு இந்திய மருந்தாளுநர் கவுன்சில் ஒப்புதல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி இன்னொரு வரி, இல்லாவிட்டால் பட்டம் வாங்கியும் பதிவு செய்ய முடியாது. இடம் இருந்தால், மாத்திரை எந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்றும் சேர்க்கலாம். துணி போட்டு மூடிவைத்து, ஆய்வுக்கு ஆள் வரும்போது மட்டும் துடைக்கும் கல்லூரிகளும் உண்டு.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் ஊரில் மெடிக்கல் இரண்டே இரண்டுதான், இரண்டிலும் எங்கள் வீட்டுக்குக் கணக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்.