இடம்பெயர்க்காத திட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாண நகர அபிவிருத்தி என்ற பேச்சு எழுந்தாலே நகரின் குருநகர், நாவாந்துறைக் கரையோரக் குடும்பங்கள் பதறுகின்றன. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள், அதே ஆண்டு யாழ்ப்பாண முஸ்லிம்கள், 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டிய இலட்சக்கணக்கானோர் என எத்தனை இடம்பெயர்வுகள்! வீதி அகலிப்புக்காக இன்னொன்றா?

யாழ். பல்கலைக்கழகப் புவியியல் மாணவர்களும் மொறட்டுவையில் நகரத் திட்டமிடல் பயிலும் மாணவர்களும் முதலில் எங்கள் ஒழுங்கைகளில் நடந்து ஒரு வரைபடம் வரையட்டும். வலை காயும் மணல், வள்ளம் கட்டும் இடம், நாலு வீட்டுக்குப் பொதுவான கிணறு, இவற்றையும் அதில் குறிக்கட்டும். காணி உறுதி இல்லாதவர்களும் வாடகைக் குடித்தனங்களும் அந்தக் கணக்கில் கட்டாயம் இருக்க வேண்டும். காணி விலை ஏறியதும் முதலில் வெளியேறுவோர் அவர்களே. வரைபடத்தைச் சனசமூக நிலையத்தில் தமிழில் தொங்கவிட்டு, பெண்களின் கருத்தையும் கேட்ட பிறகே மாநகர சபை முடிவெடுக்கட்டும்.

வாசகர்,
குருநகர்.