போனை என் கையிலேயே விடு

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான், மழை பிடித்தால் கொஞ்சம் கூடும், அதை விடு.

பத்து நாளாக உன் கணக்குக்குத் தினமும் ஒரு ரூபாய் வருவதைப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இது, தெரியாம அழுத்திட்டியா?" என்று நேற்று கேட்டாய். உனக்கு ஆபீஸ் அவசரம், நானும் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். தெரியாமல் அழுத்தவில்லை, தெரிந்துதான் அனுப்புகிறேன். ஏன் என்று போனில் சொன்னால் பாதியில் உனக்கு இன்னொரு கால் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. கரண்ட் பில் கட்டக் கடைசி நாள். அப்பா இருந்தவரை அது அவர் வேலை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அந்த அட்டையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போவார், வரிசையில் நின்று கட்டிவிட்டு வரும்போது காயும் வாங்கி வருவார். அவர் போன பிறகு அது என் தலையில் வந்தது. "போன்ல எப்படிக் கட்டுறதுன்னு சொல்லிக்கொடு" என்று உன்னிடம் கேட்டேன். "இங்க குடும்மா" என்று வாங்கினாய், உன் கட்டைவிரல் நாலு இடத்தில் பட்டது, "முடிஞ்சிருச்சு" என்று திருப்பிக் கொடுத்தாய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாசத்தில்தான் செய்தாய், அது எனக்குத் தெரியாதா? ஆனால் நான் கேட்டது வேறு. அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அடுத்த பில்லுக்கு மறுபடி யாரிடமாவது போய் நிற்க வேண்டும் என்ற நினைப்புதான்.

வயசானவங்களுக்கு மெஷின் வராது என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. 38 வருஷம் டெலிபோனில் வேலை பார்த்தவள் நான். 1977ல் வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கும் திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தபோது எனக்கு 22 வயது. எதிரே சுவர் மாதிரி போர்டு, அதில் வரிசை வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே சின்ன விளக்கு. விளக்கு எரிந்தால் ஒரு வயரை அதில் குத்திப் பேச வேண்டும், எந்த ஊர், எந்த நம்பர், ஆர்டினரியா அர்ஜெண்டா, ஆள் பெயர் சொல்லிக் கேட்கும் பி.பி. காலா என்று பென்சிலால் டிக்கெட்டில் எழுத வேண்டும், ஜோடி வயரை மதுரைக்கோ மெட்ராஸுக்கோ போகும் லைனில் குத்த வேண்டும், மூணு நிமிஷம் ஆனதும் உள்ளே போய் "எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்று கேட்க வேண்டும். இதெல்லாம் ஒரே நேரத்தில் ஆறேழு வயர்களோடு. பம்பாய்க்குக் காலையில் புக் பண்ணியவர் சாயங்காலம்வரை காத்திருப்பார். சாவுச் செய்தி, பிரசவச் செய்தி, கல்யாணம் முடிந்த செய்தி எல்லாம் எங்கள் காது வழியாகத்தான் போனது.

அதை எனக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் தெரியுமா? என்னைவிட மூத்த ஒரு அக்கா தன் ஹெட்செட்டையும் என் போர்டிலேயே சொருகிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கை என்னுடையது, காது ரெண்டு பேருடையது. கஸ்டமர் சொல்வதை நான் கேட்பதைப்போலவே அவரும் கேட்பார். நான் தப்பான ஓட்டையில் குத்தினால்கூட என் வயரைத் தொடமாட்டார். கொஞ்சம் பொறுப்பார், நானே உணர்ந்தால் சரி, உணராவிட்டால் என் மணிக்கட்டில் ஒரு விரலால் லேசாகத் தட்டுவார். அவ்வளவுதான். பதினைந்து நாள் அப்படி இருந்தார். பதினாறாம் நாள் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி, நான் தனியாகக் கால் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வெளியூருக்கு அவரவரே நேராக நம்பர் சுற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்தது, போர்டு ஒவ்வொன்றாகப் போனது. என்னை 197ல் போட்டார்கள், பெயர் சொன்னால் நம்பர் சொல்கிற வேலை. தடித்த டைரக்டரியைப் புரட்டித் தேடியவர்கள் நாங்கள், அதுவும் கம்ப்யூட்டருக்கு மாறியபோது எனக்கு நாற்பது நெருங்கிவிட்டது. கீபோர்டு கற்றுக்கொண்டேன். வகுப்பு வைத்தார்கள், நேரம் கொடுத்தார்கள், தெரியாததைக் கேட்க ஆள் இருந்தது. ஆக மெஷின் மாறுவது எனக்குப் புதிதில்லை பாப்பா. இந்த போன் மட்டும் ஏன் என்னை இந்தப் பாடு படுத்துகிறது என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

விரலில் தொடங்குகிறது. எழுபது வயதில் தோல் காய்ந்துபோய்விடுகிறது, கண்ணாடி என் விரலை உணர்வதே இல்லை. ரெண்டு தடவை தொட்டும் ஒன்றும் ஆகாவிட்டால் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறேன், உடனே வேறு ஏதோ பெட்டி திறந்து "நீக்கவா?" என்று கேட்கிறது. நான் எதையும் நீக்கச் சொல்லவில்லையே என்று நெஞ்சு பதறுகிறது. இப்போது பக்கத்தில் ஈரத்துணி வைத்துக்கொள்கிறேன், விரலை ஒற்றிவிட்டுத் தொட்டால் கேட்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

ஓ.டி.பி. வருகிறதே, அது இன்னும் கஷ்டம். மேலே ஒரு நொடி எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும். கண்ணாடியை மாட்டி ஆறு எண்ணில் மூன்றைப் படிப்பதற்குள் காணோம். மெசேஜுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் சில ஆப் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது. மறுபடி நம்பர், மறுபடி ஓ.டி.பி. பழைய ரூல்டு நோட்டில் ஒவ்வொரு படியாக எழுதி வைத்தேன், எந்தப் படத்தைத் தொட வேண்டும், அது எந்த மூலையில் இருக்கும், என்ன நிறம் என்று. பதினோரு பக்கம். ஒரு நாள் காலையில் அப்டேட் ஆகிவிட்டது என்று வந்தது, மூலையும் மாறிவிட்டது, நிறமும் மாறிவிட்டது. அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு நான் அழுதேன். இதை உன்னிடம் சொல்லவில்லை.

நீயும் இந்த மாதிரி ஆப் செய்கிற வேலையில்தானே இருக்கிறாய். பட்டனை இடம் மாற்றும் முன்னால், ஒரு நோட்டில் அதை எழுதி வைத்திருக்கும் ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள் என்று அங்கே எடுத்துச் சொல். நிஜமாகவே சொல்கிறேன், மீட்டிங்கில் சொல்.

என்னை அதிகம் வருத்துவது எது தெரியுமா? ஏதாவது சந்தேகம் என்று உதவி எண்ணுக்குப் போட்டால் பதிவு செய்த குரல்தான் பேசுகிறது. தமிழுக்கு இதை அழுத்து, அதற்கு அதை அழுத்து. காதில் வைத்தால் திரை அணைந்துவிடுகிறது. காதிலிருந்து எடுத்து, எண் பலகை எங்கே என்று தேடித் தொடுவதற்குள் "தவறான தேர்வு" என்று சொல்லிவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம் பாப்பா. நம்பர் சரியாகச் சொல்லத் தெரியாத கிராமத்துப் பெரியவர்கள் போஸ்ட் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடுவார்கள். "அய்யா பதறாதீங்க, ஊர் பேரு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டு, அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் விசாரித்து இணைத்துக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று பயம். போர்டில் தப்பாகக் குத்தினால் வயரை உருவிவிட்டு "சாரி, ராங் நம்பர்" என்று சொன்னால் முடிந்தது. இங்கே ஒரு தப்புக்குப் பென்ஷன் பணமே போய்விடுகிறது. எங்கள் பென்ஷனர் கூட்டத்துக்கு வரும் ஒருவருக்கு, உயிரோடு இருக்கிறோம் என்று பென்ஷனுக்காக வருஷா வருஷம் காட்டுகிற லைப் சர்டிபிகேட்டை அப்டேட் செய்ய வேண்டும் என்று சொல்லி லிங்க் அனுப்பி நாற்பதாயிரத்தை எடுத்துவிட்டார்கள். ஆன்லைன் பண மோசடிக்கான 1930 எண்ணுக்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கிறார், ஆனால் அந்த மனுஷன் அதற்கப்புறம் போனையே தொடமாட்டேன் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவரை யாரும் குறை சொல்லக்கூடாது. விழுந்து எழுந்து பழக இடமே இல்லாவிட்டால் எவருக்குத்தான் துணிச்சல் வரும்?

அந்த ஒரு ரூபாய் அதற்குத்தான். எனக்குப் போர்டு சொல்லிக்கொடுத்த அதே அக்கா பாளையங்கோட்டையில்தான் இருக்கிறார், வயது 76. போன மாசம் கூட்டத்தில் பார்த்தேன். "தப்பு பண்ணினாலும் ஒரு ரூபாய்தானே போகும், தினம் உன் மகளுக்கு அனுப்பிப் பழகு" என்றார். வீட்டுக்கே வரச்சொல்லி, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அனுப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நான் தடுமாறினேன். கையை நீட்டவில்லை. அதே மாதிரி மணிக்கட்டில் ஒரு விரலால் தட்டினார். எத்தனை வருஷம் ஆகிவிட்டது! இன்னொன்றும் அவர்தான் சொன்னார். நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் நம் ரகசிய 'பின்' நம்பரைப் போட வேண்டியதே இல்லை, போடு என்று எவன் கேட்டாலும் அவன் திருடன். இந்த ஒரு விஷயத்தை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் கால் மணி நேரம் ஆனது. இப்போது ரெண்டு நிமிஷம். போன வாரம் கரண்ட் பில்லும் நானே கட்டிவிட்டேன், 640 ரூபாய். ரசீது வந்ததா என்று மூன்று தடவை பார்த்தேன்.

அடுத்தது லைப் சர்டிபிகேட். போன வருஷம் சென்டருக்குப் போனபோது ரேகை விழவே இல்லை, நாலு விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் இல்லை. அந்தப் பையன் "ரேகை தேஞ்சிருச்சு பாட்டி" என்று சொன்னான், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். 2021லிருந்து முகத்தைக் காட்டியே எடுக்கலாம் என்று வந்துவிட்டது. தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பதும் இருக்கிறது, 70 ரூபாய். முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி, அந்த வழியை எப்போதும் மூடிவிடக்கூடாது. ஆனால் இந்த முறை நானே எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டுமாம், வட்டத்துக்குள் முகம் இருக்க வேண்டுமாம், கண்ணை இமைக்க வேண்டுமாம். காலை எட்டு மணிக்குத் திண்ணையில் நல்ல வெளிச்சம் இருக்கும்.

நவம்பரில் நீ வரும்போது அதைச் செய்யலாம் என்று காத்திருக்கிறேன். சில தடவை சுற்றிக்கொண்டே நிற்கும், நானும் தப்பான இடத்தைத் தொடுவேன், அரை மணி நேரம்கூட ஆகலாம். "எத்தனை தடவைம்மா சொல்றது" என்று மட்டும் அன்றைக்குச் சொல்லாதே. ஆபீஸ் போனை உள்ளே வைத்துவிட்டு வா. உனக்கு இஞ்சி போட்டுக் காபி வைத்துத் தருகிறேன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு இடப்பக்கம் உட்கார், அந்தக் காதுதான் எனக்கு நன்றாகக் கேட்கும். நான் திணறினால் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டு.

அன்புடன்,
அம்மா