என் மகனின் வயிற்றுவலியைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

போன வருடம் இந்த நேரத்தில் என் மகன் சாப்பிட்டது மொத்தமே ஐந்து பண்டங்கள், ஐந்தும் மொறுமொறுவென்று இருக்க வேண்டும், பிஸ்கட்டின் மூலை உடைந்திருந்தால்கூடத் தொடமாட்டான். மதியமானால் மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு கத்துவான், ராத்திரியில் நாலு தடவை எழுந்துவிடுவான். ஆட்டிசம் என்றால் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன்.

டீச்சர், முதல் நன்றி உங்களுக்கு. அவன் எப்போது கத்துகிறான், எப்போது குனிகிறான் என்று ஒரு வாரம் மணி பார்த்து எழுதிக் கொடுத்தீர்களே, அந்தத் தாள்தான் எங்களை டாக்டரிடம் கொண்டுபோனது. பேச்சு வராத பிள்ளை வலியை வேறு எப்படிச் சொல்வான்?

டாக்டர், மலம் இறுகிக் கிடந்ததையும் உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்ததையும் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். இரும்பு சிரப்பும் மலத்தை இறுக்கலாம் என்பதால் மலச்சிக்கலை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் அதை ஆரம்பித்தீர்கள். இரும்புச்சத்து குறைந்தால் தூக்கமும் கெடும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் உணவு ஆலோசகர் மேடம். பாலையும் கோதுமையையும் நிறுத்தப் போகிறேன் என்று நான் வந்து உட்கார்ந்தபோது நீங்கள் கோபப்படவே இல்லை. அப்படி நிறுத்தினால் ஆட்டிசத்தின் தன்மைகள் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, ஐந்தே பண்டம் சாப்பிடுகிறவனிடம் பாலையும் பிடுங்கினால் கால்சியத்துக்கு எங்கே போவது என்று பொறுமையாகக் கேட்டீர்கள். கோதுமையில் உள்ள புரதம் குடலைப் பாதிக்கும் செலியாக் நோய் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்தால்தான் சரியாகத் தெரியும் என்று சொல்லி அனுப்பினீர்கள். செய்தோம், அந்த நோய் இல்லை. அன்று நீங்கள் தடுத்திருக்காவிட்டால் அவனை இன்னும் மெலிய வைத்திருப்பேன், அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

தெரபிஸ்ட் தங்கச்சி, அந்த ஒற்றை கேரட் துண்டை எப்படி மறப்பேன்! முதலில் மேசையில், பிறகு தட்டின் ஓரத்தில், பிறகு விரலால் தொட்டு, முகர்ந்து, உதட்டில் வைத்து, துப்பினாலும் பரவாயில்லை என்று மூன்று மாதம். அவ்வளவு நாளும் என் பெரியவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ‘சாப்பிடு’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பங்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவனிடமிருந்தும் அந்தக் ‘கறுக்’ சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று பயம்.

ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது, பேச்சும் இன்னும் வரவில்லை. வயிறு வலிக்காமல் விடியும்வரை தூங்குகிறான். இப்போது ஒன்பது பண்டம். வேகவைத்த முட்டை மேசைக்கு வந்திருக்கிறது, தட்டுக்கு இன்னும் வரவில்லை.